கல் உப்பு

பன்னிரண்டாம் வகுப்புக்கு வேதியியல் நடத்தி ஓய்வுபெற்றவள் நான். என் வீட்டுத் தொட்டியில் இருந்த மீன்களை அம்மோனியாவால் கொன்றேன். இதைக் கேட்டு, 'பாவம், டீச்சருக்குத் தெரிந்திருக்காது' என்று யாராவது பரிந்து பேசினால் அந்தப் பரிவு எனக்கு உரியதல்ல. எனக்குத் தெரியும். அம்மோனியாவும் அம்மோனியமும் தண்ணீரில் ஒரு சமநிலையில் இருக்கும், பி.எச். ஏற ஏற அந்தச் சமநிலை அம்மோனியா பக்கம் சாயும் என்று வருஷம் தவறாமல் கரும்பலகையில் எழுதியவள். அம்மோனியம் மீனை அவ்வளவாக ஒன்றும் செய்யாது. அம்மோனியா செவுளைப் பொசுக்கிவிடும். தண்ணீர் 30 டிகிரி வெப்பத்தில் இருக்கும்போது பி.எச். 7 என்றால், மொத்தத்தில் நூற்றுக்கு ஒரு பங்குகூட அந்த விஷ வடிவத்தில் இராது. அதே தண்ணீர் பி.எச். 8-இல் இருந்தால் ஏழரைப் பங்கு. எட்டுக்கும் ஏழுக்கும் நடுவில் ஒன்றுதானே என்று கேட்கும் பிள்ளைகளிடம், மடக்கை அளவு என்பதை மறக்காதே என்று அதட்டியிருக்கிறேன்.

அக்வாபோனிக்ஸ் என்று ஒன்று வீட்டில் செய்து பார்க்கலாம் என்ற ஆசை ஓய்வுபெற்ற பிறகு வந்தது. மீன் வளரும் தண்ணீரைச் செடிப் படுகைக்கு ஏற்றி, அங்கிருந்து மறுபடி மீன்தொட்டிக்கே விழவைப்பதுதான் விஷயம். மண் கிடையாது. செடிக்கு வேண்டிய உரம் பெரும்பாலும் மீனுக்குப் போடும் தீவனத்திலிருந்தே வந்தாக வேண்டும். பார்க்கிறவர்களுக்கு மீனும் செடியும்தான் கண்ணில் படும். வேலை செய்வதோ கல்லிலும் குழாயிலும் ஒட்டி வாழும் பாக்டீரியாக்கள். ஒரு கூட்டம் அம்மோனியாவை நைட்ரைட்டாக மாற்றும். இன்னொரு கூட்டம் நைட்ரைட்டை நைட்ரேட்டாக மாற்றும். நைட்ரேட்டைச் செடி எடுத்துக்கொள்ளும். இந்த இரண்டு கூட்டமும் குடியேறிப் பெருக நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். அதுவரை மீன் விடக் கூடாது, விட்டாலும் ஒன்றிரண்டுதான் விடலாம். ஐ.நா. உணவு வேளாண்மை நிறுவனம் 2014-இல் வீட்டு அளவு அக்வாபோனிக்ஸ் பற்றி வெளியிட்ட பெரிய கையேட்டைப் பிரின்ட் எடுத்து, பைண்டு செய்து, இந்தப் பக்கத்தில் சிவப்பு மையால் கோடு போட்டு வைத்திருந்தேன். கோடு இன்னும் இருக்கிறது.

இந்தக் காத்திருப்பு புதிய செய்தியும் அல்ல. 1877-இல் பிரான்சில் ஷ்லோசிங், முன்ட்ஸ் என்ற இருவர் மணலும் கொஞ்சம் சுண்ணாம்புக் கல்லும் நிரப்பிய குழாயில் சாக்கடை நீரை மெல்ல இறங்கவிட்டார்கள். முதல் இருபது நாள் மேலே ஊற்றிய அம்மோனியா அப்படியே கீழே வந்தது. பிறகு அம்மோனியா குறைந்து நைட்ரேட் வர ஆரம்பித்தது. குளோரோஃபார்ம் ஆவியை உள்ளே செலுத்தினார்கள், மாற்றம் நின்றுபோனது. இதைச் செய்வது உயிர்கள்தான் என்று அப்படித்தான் தெரிந்தது. நைட்ரஜன் சுழற்சி நடத்தும்போதெல்லாம் இந்தக் கதையைச் சொல்வேன். அந்த இருபது நாளை அவர்கள் எப்படிப் பொறுத்திருந்தார்கள் பாருங்கள் என்று வேறு சேர்த்துக்கொள்வேன்.

என்னால் பொறுக்க முடியவில்லை. காரணம், நவராத்திரி வந்துகொண்டிருந்தது.

எங்கள் தெருவில் எங்கள் வீட்டுக் கொலுவுக்கு ஒரு பெயர் உண்டு. படிகளுக்குப் பக்கத்தில் வருஷா வருஷம் ஒரு பூங்கா வைப்போம். கண்ணாடித் துண்டைக் குளமாகப் பதித்து, அதில் பிளாஸ்டிக் வாத்து விடுவோம். இந்த வருஷம் நிஜக் குளம், நிஜ மீன், அதன் தண்ணீரிலேயே வளரும் கீரை என்று வரப்போகிற பெண்களிடமெல்லாம் முன்கூட்டியே சொல்லிவிட்டேன். வெறும் தண்ணீர் சுற்றிக்கொண்டிருக்கும் தொட்டியை யாரிடம் காட்டுவது? 'மாமி, மீன் எங்கே?' என்று கேட்டால், 'கண்ணுக்குத் தெரியாத பாக்டீரியாவுக்காகக் காத்திருக்கிறேன்' என்று சொல்ல எனக்கு வெட்கம்.

முதலில் மொட்டை மாடியில் வைக்க நினைத்தேன். நல்லவேளையாக மருமகன் தடுத்தார். ஆள் நடமாடும் மாடிக்கு நம் கட்டடத் தரக் குறியீடு கணக்கில் கொள்ளச் சொல்வது சதுர மீட்டருக்குச் சுமார் 150 கிலோ. அரை மீட்டர் ஆழத் தண்ணீரே 500 கிலோ அழுத்தும், கல் படுகை தனி. அதனால் 500 லிட்டர் தொட்டி முன்வாசலுக்கு இறங்கியது. வருகிறவர்கள் செருப்பைக் கழற்றும் இடத்திலேயே பார்க்கலாம் என்பதால் எனக்கு அதில் வருத்தமே இல்லை.

படுகையில் நிரப்பக் கல் வேண்டும். எங்கள் வீடு தாம்பரம் பக்கம். பல்லாவரத்திலும் பரங்கிமலையிலும் இருப்பது சார்னகைட் பாறை; நம் கட்டடங்களுக்கு ஜல்லியாக உடைபட்ட அந்தக் கருங்கல் தண்ணீரில் கரைவதில்லை. நான்கைந்து சட்டி ஜல்லியைக் கழுவிக் கொட்டியிருந்தால் முடிந்தது வேலை. ஆனால் ஜல்லி கொலுவுக்கு எடுக்குமா? வெள்ளை மார்பிள் சிப்ஸ் வாங்கினேன். மார்பிள் என்பது கால்சியம் கார்பனேட். கடைக்கார அம்மாவே, 'இதுல வினிகர் பட்டா பொங்கும், பாத்துக்குங்க' என்றார். எங்கள் போர் தண்ணீர் ஏற்கெனவே கடின நீர், பி.எச். எட்டைத் தாண்டும். பாக்டீரியாக்கள் வேலை செய்யும்போது அமிலம் உண்டாகி அது மெல்ல இறங்கிவர வேண்டும். படுகை முழுக்க மார்பிள் இருந்தால் எவ்வளவு அமிலம் வந்தாலும் கல் அதைத் தின்றுவிடும், பி.எச். இறங்கவே இறங்காது. பி.எச். அதிகமாகக் குறையும்போது ஒரு பையில் கட்டித் தொங்கவிட வேண்டிய மருந்தை நான் சோறாகவே போட்டுவிட்டேன். அமிலத்துக்கும் கார்பனேட்டுக்கும் ஆன வினையை ஒன்பதாம் வகுப்புப் பிள்ளையே எழுதும்.

கீரை விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். விதைத்து வளர்க்க நேரமில்லை. நர்சரியில் புதினாவும் பொன்னாங்கண்ணியும் வளர்ந்த செடியாக வாங்கி, வேரிலிருந்த மண்ணை அலசி, முதல் நாள் கொலுவுக்கு முந்தைய சாயங்காலம் மார்பிளுக்குள் செருகினேன். 'எல்லாம் மீன் தண்ணியில வளர்ந்ததா மாமி?' என்று கேட்டவர்களுக்குச் சிரிப்பைப் பதிலாகக் கொடுத்தேன்.

மீன் வாங்கக் கொளத்தூர் போனேன். அலங்கார மீனுக்குச் சென்னையில் கொளத்தூரை விட்டால் வேறு எங்கே போவது? தெருவுக்குத் தெரு தொட்டிகள், ஆக்சிஜன் அடைத்த பாலிதீன் பைகள். நான் போன கடையில் இருபத்தைந்து வயதுப் பையன் ஒருவன் இருந்தான். கோய் மீன் சிவப்பும் வெள்ளையுமாக நாற்பது வேண்டும் என்றேன்.

"டேங்க் எப்ப வச்சீங்கம்மா?"

"போன வாரம்."

"அப்ப நாப்பது வேணாங்கம்மா. ஒரு நாலு கப்பி விட்டுப் பாருங்க. ஒரு மாசம் போவட்டும். அப்புறமா கோய் விடலாம்."

சிவப்பு மையால் கோடு போட்ட அதே விஷயத்தைத்தான் அவன் சொன்னான். அவனிடம் நைட்ரஜன் சுழற்சியைப் பற்றி ஒரு பத்து நிமிஷம் பேசினேன். நைட்ரோசோமோனாஸ், நைட்ரோபாக்டர் என்று பெயரெல்லாம் சொன்னேன். அவன் பொறுமையாகக் கேட்டுக்கொண்டு, "அதாங்கம்மா, தண்ணி பழகணும்" என்றான். நாற்பது கோய் வாங்கிக்கொண்டு வந்தேன். பையைக் கட்டித் தரும்போது, கல் உப்பு அரை கிலோ கரைத்து ஊற்றச் சொன்னான். உப்புச் சுற்றிப் போடுவது மாதிரி ஏதோ கடைக்காரர் நம்பிக்கை என்று நினைத்துக்கொண்டேன்.

கொலு அமர்க்களமாக நடந்தது. அஸ்டெக் மக்கள் மெக்சிகோ ஏரிகளில் சேற்றை வெட்டிப் போட்டு எழுப்பிய சினாம்பா தோட்டங்களைப் பற்றியும், விர்ஜின் தீவுகளின் பல்கலைக்கழகத்தில் ஜேம்ஸ் ராக்கோசி திலாப்பியாவையும் லெட்டூஸையும் ஒன்றாக வளர்த்த ஆய்வைப் பற்றியும் சுண்டல் கிண்ணத்தோடு நின்றவர்களிடம் விளக்கினேன். குழந்தைகள் ஆளுக்கொரு கைப்பிடி தீவனம் போட ஆசைப்பட்டார்கள். மீன்கள் துள்ளி வந்து வாங்கும் காட்சி நன்றாக இருந்ததால் நான் தடுக்கவில்லை.

அந்தக் கைப்பிடிகளைப் பிற்பாடு கணக்குப் போட்டேன். ஒரு நாளைக்கு 100 கிராமாவது விழுந்திருக்கும். நூற்றுக்கு 32 பங்கு புரதம் உள்ள தீவனம் அது. புரதத்தில் 16 சதவீதம் நைட்ரஜன். ஆக, சுமார் 5 கிராம் நைட்ரஜன் தொட்டிக்குள் போகிறது. மீன் தின்று கழித்ததும் தின்னாமல் அழுகியதுமாகச் சேர்ந்து அதில் பாதி அம்மோனியாவாக மாறினாலே போதும், 500 லிட்டரில் ஒரே நாளில் லிட்டருக்கு 5 மில்லிகிராம் ஏறிவிடும். அதை மாற்ற பாக்டீரியா இல்லை. இறங்க விடாத மார்பிளால் பி.எச். எட்டுக்கு மேல் நிற்கிறது. மூன்றையும் நானே ஏற்பாடு செய்திருந்தேன். தேர்வில் கேட்டால் ஐந்து மதிப்பெண் வினாவாகக் கொடுக்கலாம்.

சரஸ்வதி பூஜைக்கு மறுநாள் விடியற்காலையில் மீன்கள் எல்லாம் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. செவுள் செக்கச்செவேல் என்று இருந்தது. மத்தியானத்துக்குள் முக்கால்வாசி போய்விட்டன. பாதித் தண்ணீரை மாற்றியிருந்தால் சிலதாவது பிழைத்திருக்கும். நான் வாசல் கதவைச் சாத்திவிட்டு உள்ளே போனேன், பக்கத்து வீட்டுப் பெண் பார்த்துவிடுவாள் என்று.

வீட்டுக்காரர் அன்றைக்குக் கும்பகோணத்தில் தம்பி வீட்டில் இருந்தார். போனில் கேட்டபோது, "ராத்திரி கரண்ட் போயிடுச்சுங்க, ஏர் பம்ப் நின்னுபோச்சு" என்றேன். யோசித்துச் சொன்ன பொய் அல்ல. நாக்கில் தயாராக இருந்தது. அம்மோனியாவில் தவிக்கும் மீனும் பிராணவாயு இல்லாமல் தவிக்கும் மீனும் ஒரே மாதிரிதான் மேலே வந்து வாய் பிளக்கும். மின்வெட்டு என்றால் நம் ஊரில் யாரும் மறுகேள்வி கேட்பதில்லை. தெருவிலும் அதையே சொன்னேன். எல்லோரும் மின்வாரியத்தைத் திட்டினார்கள். நானும் கூடச் சேர்ந்து திட்டினேன்.

அவர் ஊரிலிருந்து வந்த வாரமே இன்வெர்ட்டரும் பேட்டரியும் வாங்கி மாட்டிவிட்டார். கடைவாய்ப் பல்லுக்குக் கேப் போட ஒதுக்கி வைத்திருந்த பணம். 'நீ ஆசைப்பட்டு வச்சது, மறுபடி அப்படி ஆகக் கூடாது' என்றார். இப்போதும் ஒரு பக்கமாகத்தான் மென்று சாப்பிடுகிறார். வேண்டாம் என்று சொல்ல எனக்கு ஒரு முழு நாள் அவகாசம் இருந்தது. எலக்ட்ரீஷியனுக்குக் காபி போட்டுக் கொடுத்தேன்.

தீபாவளி முடிந்து மறுபடி கொளத்தூர் போனேன். பையன், "தண்ணி டெஸ்ட் பண்ணிங்களாம்மா?" என்று கேட்டான். "நான் கெமிஸ்ட்ரி டீச்சர்பா" என்றேன். "அப்ப சரிங்கம்மா. கல் உப்பு மட்டும் மறக்காம போட்டுருங்க." இருபத்தைந்து மீன் கொடுத்தான். உப்புப் போடவில்லை.

இடைப்பட்ட நாளில் தொட்டி சும்மா ஓடிக்கொண்டிருந்ததால் முதல் கூட்டப் பாக்டீரியா குடியேறிவிட்டிருந்தது. அம்மோனியா இறங்கி நைட்ரைட் ஏறும் கட்டம் அது. இரண்டாவது கூட்டம் எப்போதும் தாமதமாகத்தான் வரும். நைட்ரைட் செவுள் வழியாக இரத்தத்தில் புகுந்து ஹீமோகுளோபினை மாற்றிவிடும். பிறகு அந்த இரத்தம் ஆக்சிஜனைச் சுமக்காது. தண்ணீரில் குமிழி பொங்க ஏர் பம்ப் ஓடினாலும் மீன் மூச்சு முட்டிச் சாகும். ஓடியது. புது இன்வெர்ட்டர் உபயத்தில் ஒரு நொடி நிற்காமல் ஓடியது. மீன்கள் செத்தன.

இந்த முறை மின்வெட்டைச் சொல்ல வழியில்லை. நோய் மீனை விற்றுவிட்டான் என்று வீட்டில் சொன்னேன். சொன்னதை உண்மையாக்கிக்கொள்ள, கிளம்பிக் கடைக்கே போய்விட்டேன். வேறு வாடிக்கையாளர்கள் நின்றிருந்தார்கள். அவர்களுக்குக் கேட்கும்படிதான் பேசினேன்.

பையன் ஒரு கேள்விதான் கேட்டான். "செவுள் என்ன கலர்ல இருந்துச்சுங்கம்மா?"

"பிரவுனா இருந்துச்சு. அதான் சொல்றேனே, நோய்னு."

"நோய் இல்லீங்கம்மா. உப்புப் போட்டிருந்தா தாங்கியிருக்கும்."

"உப்புக்கும் மீன் சாகிறதுக்கும் என்னப்பா சம்பந்தம்? சோடியம் குளோரைடு என்ன செய்யும் செய்யாதுன்னு நீ எனக்குச் சொல்லித் தர்றியா?"

அவன் பதில் பேசவில்லை. மேசை இழுப்பறையைத் திறந்து, இரண்டாவது முறை வாங்கிய மீனுக்கான பணத்தில் பாதியை எண்ணி வைத்தான். நான் எடுத்துப் பையில் போட்டுக்கொண்டேன்.

உப்புக்கும் அதற்கும் உள்ள சம்பந்தத்தை, பிறகு மீன் நோய்களைப் பற்றிய ஒரு பாடநூலில்தான் படித்தேன். செவுளில் குளோரைடு அயனி நுழையும் வழியாகத்தான் நைட்ரைட்டும் நுழைகிறது. தண்ணீரில் குளோரைடு நிறைய இருந்தால் வழியை அது அடைத்துக்கொள்ளும், நைட்ரைட்டுக்கு இடம் கிடைக்காது. லிட்டருக்கு ஒரு கிராம் உப்பு அதற்குத் தாராளம். 500 லிட்டருக்கு அரை கிலோ. அந்த அளவை எங்கள் கீரைகளும் தாங்கும். பையன் சொன்ன அளவு சரி, உப்புப் போட்டிருந்தால் தாங்கியிருக்கும் என்று சொன்னதும் சரி. அயனி என்ற சொல் மட்டும் அவன் வாயில் வரவில்லை. அது வராததால்தான் அவன் சொன்னதை நான் அறிவென்று எடுத்துக்கொள்ளவில்லை. என்னிடம் தனிவகுப்புக்கு வந்த ஒரு பெண் இதையே ஆங்கிலத்தில் சொல்லியிருந்தால் அன்றே உப்பைக் கரைத்திருப்பேன்.

தண்ணீரை ஏன் சோதிக்கவில்லை என்பதற்கு என்னிடம் சொல்லத்தக்க காரணம் எதுவும் இல்லை. அம்மோனியாவுக்கான நெஸ்லர் சோதனை பள்ளி ஆய்வகத்தில் உப்புப் பகுப்பாய்வில் என் கண்ணெதிரே ஆயிரம் தடவை நடந்திருக்கிறது. மீன்தொட்டிக்கென்றே சொட்டு விடும் கிட்டுகள் விற்கிறார்கள். மஞ்சளிலிருந்து பச்சைக்கு நிறம் மாறும், அட்டையோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டியதுதான். வாங்கியிருந்தால் எண் தெரிந்திருக்கும். எண் தெரிந்தால் மீன் வாங்கக் கூடாது என்று ஆகிவிடும். அதனால் வாங்கவில்லை.

கடைசியில் வாங்கினேன். மார்பிளை முழுக்க வாரி எடுத்து வாசல் தொட்டிச் செடிகளைச் சுற்றிக் கொட்டினேன். அங்கே அது அழகாகத்தான் இருக்கிறது. படுகைக்கு முக்கால் அங்குல ஜல்லி போட்டேன். மீன் இல்லாமலே பாக்டீரியாவுக்குத் தீனி போட அம்மோனியம் குளோரைடு, அதாவது பாத்திரத்துக்கு ஈயம் பூசுகிறவர்கள் வைத்திருக்கும் நவச்சாரம், ஆய்வகத் தரத்தில் வாங்கினேன். 500 லிட்டருக்கு 4 கிராம் கரைத்தால் லிட்டருக்கு 2 மில்லிகிராம் நைட்ரஜன் சேரும். போட்டு, சொட்டு விட்டு, நோட்டில் எழுதி, தினமும் அதையே செய்தேன். வெகுநாள் வரை ஒன்றும் நடக்கவில்லை. பிறகு ஒரு வாரம் நைட்ரைட் கட்டத்தில் நிறம் உச்சத்துக்குப் போய் அங்கேயே நின்றது. வருகிறவர்கள், 'மீன் எங்கே மாமி?' என்று கேட்டார்கள். சிலருக்குப் பதில் சொன்னேன். சிலருக்கு, 'தொட்டி ரிப்பேர்' என்றேன். எல்லா நாளும் ஒரே மாதிரி தைரியம் வருவதில்லை.

இன்றைய கணக்குக்கு, காலையில் போடும் அம்மோனியா மறுநாள் காலையில் இல்லை, நைட்ரைட்டும் இல்லை. பி.எச். ஏழரைக்கு இறங்கியிருக்கிறது. புதினாவின் இளந்தளிர் மட்டும் நரம்பு பச்சையாகவும் நடுவே மஞ்சளாகவும் இருக்கிறது. அது இரும்புச் சத்துக் குறைவு. மீன் தீவனத்தில் இரும்பு போதாது, கீலேட் செய்த இரும்பு வாங்கிக் கரைக்க வேண்டும். இதுவரை ஆன செலவுக்கு மார்க்கெட்டில் கீரைக்கட்டு வாங்கியிருந்தால் தெரு முழுக்கப் பல வருஷம் சாப்பிட்டிருக்கலாம் என்பதையும் நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறேன்.

அடுத்து மீன் வாங்க வேண்டும். நாலு கப்பி. நேற்று வீட்டுக்காரர் அதைப் பற்றித்தான் பேசினார். இன்வெர்ட்டர் எதற்கு வந்தது என்பதையும் கடையில் நான் என்ன செய்தேன் என்பதையும் அவர் இன்னும் என் வாயால் கேட்கவில்லை. இந்தக் கட்டுரை அச்சானால் இதில் படிப்பார்.

"கொளத்தூர் போயிட்டு வரலாமா? ஞாயித்துக்கிழமை நானும் வரேன்" என்றார்.

"அங்கதான் நோய் மீன் குடுத்தாங்கன்னு சொன்னேனே."

"முதல் தடவை குடுத்த மீன் நல்லாத்தானே இருந்துச்சு? கரண்ட் போகாம இருந்திருந்தா இன்னிக்கும் இருந்திருக்கும். அந்தப் பையன் பாவம், ஒரு தடவை தப்பாப் போயிருக்கும். அதுக்காக விட்டுடறதா?"

"ரொம்ப தூரங்க" என்றேன்.